சி.ஆர்.பி. 1.6 வந்துவிட்டது! ஆனால் அந்த ஆறாம் மாத ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்

வணக்கம் மக்களே! வழக்கமாக வந்ததும் தராசில் ஏறிக் காட்டுவேன். இன்றைக்கு ஏறப்போவதில்லை. கையில் இருக்கிற இந்தத் தாள்தான் இன்றைய வீடியோ. எடை குறைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கிற ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து சரியாக ஒரு வருடம். ஹெச்.எஸ். சி.ஆர்.பி. 1.6! ஆபரேஷனுக்கு முன்னால் 8.9. காலையிலிருந்து பத்துத் தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பேன்.

உடம்பில் எங்கேயாவது அழற்சி இருந்தால் கல்லீரல் சுரக்கிற புரதம்தான் சி.ஆர்.பி. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய நோய் அபாயம் குறைவு, 3-ஐத் தாண்டினால் அதிகம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நான் நடுவில் வந்து நிற்கிறேன்.

சரி, ஆறாம் மாதக் கதை. அப்போது ரிப்போர்ட்டில் என்ன வந்தது தெரியுமா? '5-க்குக் கீழ்'. அவ்வளவுதான்! 4.9-ஆ, 0.5-ஆ? சொல்லவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தது ஹெச்.எஸ்., அதாவது ஹை சென்சிடிவிட்டி, சின்ன அளவையும் பிடிக்கிற டெஸ்ட். லேபில் பார்த்ததோ சாதாரண சி.ஆர்.பி. அது நிமோனியா மாதிரி பெரிய தொற்றைக் கண்டுபிடிக்க நல்லது. உடல்பருமனில் வருடக்கணக்காகக் கனன்றுகொண்டே இருக்கிற சின்ன அழற்சியை அளக்க அது போதாது. ஊசி குத்திக்கொண்டு, ஒரு நாள் காத்திருந்து, கையில் எண்ணே இல்லை என்றால் கோபம் வருமா வராதா? திரும்பப் போனேன். சரியான டெஸ்ட்தான் எடுத்தார்கள். 13! எனக்குக் கை நடுங்கிவிட்டது.

இங்கே ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அந்த வாரம் எனக்குப் பல் ஈறு வீங்கியிருந்தது. அதை டாக்டரிடம் சொன்னதும், "10-க்கு மேல் போனால் முதலில் தொற்று இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும், ஈறு சரியாகட்டும், மூன்று வாரம் கழித்து எடுங்கள்" என்றார். எடுத்தேன், 3.4. ஆக, ஒரே எண்ணுக்கு மூன்று ஊசி. நீங்கள் எடுக்கும்போது ரசீதில் 'ஹெச்.எஸ்.' இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துவிடுங்கள். சளி, காய்ச்சல், ஈறு வீக்கம் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

'ஆபரேஷன் செய்த ஒரே வாரத்தில் அழற்சி மாயம்' என்று தலைப்பு வைக்கிறார்களே, அந்த வீடியோக்கள் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. முதல் சில நாட்களில் சி.ஆர்.பி. ஏறத்தான் செய்யும். வயிற்றில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்திருக்கிறார்கள், உடம்பு சும்மா இருக்குமா? அந்த ஏற்றம் அளவுக்கு மீறிப் போனால் தையலில் கசிவு இருக்குமோ என்று டாக்டர்கள் சந்தேகப்படுவார்கள். அப்புறம் எடை குறையக் குறைய, மாதக்கணக்கில்தான் அது இறங்கும்.

ஏன் இறங்குகிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கொழுப்பு செல் வெறும் சேமிப்புக் கிடங்கு இல்லை. அளவுக்கு மீறி ஊதும்போது சில செல்கள் செத்துப்போகின்றன. அதைத் துப்புரவு செய்ய மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் வந்து சுற்றிலும் கிரீடம் வைத்த மாதிரி உட்கார்ந்துகொள்கின்றன. அங்கிருந்து டி.என்.எஃப். ஆல்ஃபா, ஐ.எல். 6 என்று ரசாயனத் தூது கிளம்புகிறது. அந்த ஐ.எல். 6 கல்லீரலுக்குப் போனதும் சி.ஆர்.பி. பிறக்கிறது. எடை குறைந்தால் கொழுப்பு செல்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது, ஒவ்வொன்றும் சுருங்குகிறது. தூதும் குறைகிறது. அழற்சியைத் தணிக்கிற அடிப்போனெக்டின் கூடுகிறது. ஒன்பதாம் மாதம் என் எடை அசையாமல் நின்றபோது 'அவ்வளவுதானா?' என்று கேட்டீர்களே, தராசு நின்ற பிறகும் இந்த எண் இறங்கியிருக்கிறது பாருங்கள்.

இதோ, இந்தப் பாட்டில் மூடி. போன வருடம் இதைத் திறக்க யாரையாவது கூப்பிடுவேன். பாருங்கள்... திறந்துவிட்டது! முழங்கால் வலி குறைந்ததற்குச் சுமை குறைந்ததைக் காரணம் சொல்லலாம். விரல் உடம்பைச் சுமப்பதில்லையே! உடல்பருமன் உள்ளவர்களுக்குக் கைவிரல் மூட்டுத் தேய்மானமும் அதிகம் வருகிறது. அதில் அழற்சிக்கும் பங்கு உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுவது இதனால்தான். என் விரலுக்கும் அதுதான் காரணம் என்று ஒரே தாளை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மூடி திறக்கிறது.

ஆங், ஃபெரிட்டின்! உடம்பில் இரும்பைச் சேமித்து வைக்கிற புரதம். அதை மறந்தே போனேன். அதுவும் இறங்கியிருக்கிறது, ஆனால் இதில் சந்தோஷப்பட முடியாது. அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் உயர்ந்து நிற்கும். அதனால் இரும்புச்சத்துக் குறைவு வெளியே தெரியாமல் போகலாம். இப்போது அழற்சி அடங்கியதும் என் இரும்புக் குறைவு தெரிந்துவிட்டது. ஸ்லீவுக்குப் பிறகு இரும்பு சேர்வதும் குறைவு. மாத்திரை எழுதியிருக்கிறார்கள். கால்சியத்தோடு சேர்த்துப் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் காலையில் போட்டாயிற்று. இப்போது இரும்பு மாத்திரைக்கு நேரம், கேமராவை அணைக்கிறேன்.