வேலி போட்டது சட்டம், மறைத்து நின்றவர்கள் மக்கள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் சான்றோர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

"சாவு வீட்டு வாசலில் வெறுப்பைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களைத் தடுப்பது சட்டமா, சனங்களா?" இதுதான் நடுவர் கொடுத்த தலைப்பு. சனங்களே என்று வாதிட நான் எழுந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அமெரிக்காவின் வெஸ்ட்போரோ பாப்டிஸ்ட் சபையைத்தான் உதாரணமாகக் காட்டினார். சரி, நானும் அங்கேயே நிற்கிறேன். கேன்சஸ் மாநிலத்தில் டொபீகா என்கிற நகரம். அங்கே 1955இல் ஃப்ரெட் ஃபெல்ப்ஸ் தொடங்கிய சபை இது. உறுப்பினர்கள் நூறு பேர்கூடத் தேறமாட்டார்கள். அதிலும் பெரும்பாலோர் அவருடைய பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். 1991இல் உள்ளூர்ப் பூங்கா ஒன்றில் தன்பாலீர்ப்பாளர்களுக்கு எதிராகத் தட்டி பிடிக்க ஆரம்பித்தார்கள். அங்கிருந்து எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களின் அடக்கத்துக்குப் போனார்கள். 1998இல் வயோமிங் மாநிலத்தில் அடித்துக் கொல்லப்பட்ட, தன்பாலீர்ப்பாளரான கல்லூரி மாணவர் மாத்யூ ஷெப்பர்டின் அடக்கத்துக்குப் போனார்கள். 2005 வாக்கில் ஈராக் போரில் மாண்ட படைவீரர்களின் அடக்கங்களுக்கு வந்துவிட்டார்கள். அந்த வீரர் யார், எப்படி வாழ்ந்தார் என்பதெல்லாம் அவர்களுக்குக் கணக்கே இல்லை. தன்பாலீர்ப்பைச் சகிக்கிற நாட்டைக் கடவுள் தண்டிக்கிறார், ஆகவே வீரர்கள் செத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள் என்று தட்டியில் எழுதி, பெற்றவர்கள் வருகிற வழியில் தூக்கிப் பிடித்தார்கள்.

எதிரணித் தலைவர் சட்டங்களை வரிசையாக எடுத்து வைத்தார். 2006 மே மாதம் அதிபர் புஷ் கையெழுத்திட்ட சட்டம்: தேசியக் கல்லறைத் தோட்டங்களின் வாசலிலிருந்து 300 அடிக்குள், அடக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் போராட்டம் கூடாது. 2012 ஆகஸ்டில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்த ஒரு மணியை இரண்டு மணியாக்கியது. 2011க்குள் 44 மாநிலங்கள் இப்படிச் சட்டம் போட்டுவிட்டன. அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அந்த 300 அடி, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பனை எந்த அளவுக்குக் காப்பாற்றும்?

ஒரே ஒரு வழக்கை அருகில் போய்ப் பார்ப்போம். 2006 மார்ச் 10. மேரிலாந்து மாநிலம் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு கத்தோலிக்க தேவாலயம். ஈராக்கில் இறந்த மரைன் படைவீரர் ஒருவரின் அடக்கம். ஃபெல்ப்ஸும் அவர் குடும்பத்தார் ஆறு பேருமாக மொத்தம் ஏழு பேர் வந்தார்கள். வருவதை முன்கூட்டியே காவல்துறைக்குத் தெரிவித்திருந்தார்கள். காவல்துறை காட்டிய இடத்தில், 10 அடிக்கு 25 அடி கொண்ட பொது நிலத்தில், தற்காலிக வேலிக்குப் பின்னால் நின்றார்கள். தேவாலயம் அங்கிருந்து சுமார் 1,000 அடி. நடுவில் கட்டடங்கள். அடக்கத்துக்கு முன்னால் அரைமணி நேரம் தட்டி பிடித்துப் பாட்டுப் பாடிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

நடுவர் அவர்களே, எதிரணி பெருமையோடு சொன்ன 300 அடியைப்போல் மூன்று மடங்கு தூரம் இது! சட்டம் கேட்கக்கூடிய ஒழுங்கு அத்தனையும் அங்கே இருந்தது. அப்படியிருந்தும் என்ன நடந்தது? சவ ஊர்வலம் போன பாதை அந்த இடத்தைச் சுமார் 200, 300 அடி தொலைவில் கடந்தது. தகப்பனுக்குத் தட்டிகளின் மேல்விளிம்பு மட்டும் கண்ணில் பட்டது. என்ன எழுதியிருந்தது என்று அப்போது அவருக்குத் தெரியாது. பிறகு தொலைக்காட்சிச் செய்தியில்தான் பார்த்தார். சட்டம் அடிக்கணக்கு போட்டது தேவாலய வாசலுக்கு. நஞ்சு வந்து சேர்ந்ததோ வீட்டுக்குள் இருந்த பெட்டி வழியாக.

அந்தத் தகப்பன் நீதிமன்றப் படி ஏறினார். 2007இல் நீதிமன்றத்தின் நடுவர்குழு (ஜூரி) 1 கோடியே 9 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. நீதிபதி அதை 50 லட்சமாகக் குறைத்தார். 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பையே ரத்து செய்தது. 2010இல் அதே நீதிமன்றம் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவு 16,510 டாலரை அந்தத் தகப்பனே கட்டவேண்டும் என்றது. மகனைப் புதைத்தவரிடம், அந்த மகனின் சாவைக் கொண்டாடியவர்களுக்குப் பணம் கொடு என்று சட்டம் சொன்னது. 2011 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று ஃபெல்ப்ஸ் பக்கமே தீர்ப்பளித்தது. பொது இடத்தில் பொது விஷயத்தைப் பற்றி அமைதியாகப் பேசியிருக்கிறார்கள். மனம் புண்பட்டது என்பதற்காகப் பேச்சைத் தண்டிக்க முடியாது என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். நீதிபதி அலிட்டோ ஒருவர் மட்டும் மறுத்தார்.

அந்தத் தீர்ப்பு தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பேச்சுரிமையை ஒரு கொடியவனுக்காக உடைத்தால், நாளை நல்லவனுக்கும் அது இருக்காது. என் வாதமே அங்கிருந்துதான் பிறக்கிறது. சட்டத்தின் கை அங்கே கட்டப்பட்டிருக்கிறது, கட்டப்பட்டுத்தான் இருக்கவேண்டும். அப்படியானால் அந்தத் தகப்பனுக்கு யார் துணை?

இங்கேதான் சனங்கள் வருகிறார்கள். 1999 ஏப்ரல். மாத்யூ ஷெப்பர்டைக் கொன்றவர்களில் ஒருவன்மீது லாரமி நகரில் விசாரணை. ஃபெல்ப்ஸ் கூட்டம் அங்கேயும் வந்தது. மாத்யூவின் தோழி ரொமெய்ன் பேட்டர்சன் ஒரு யோசனை செய்தார். பிவிசி குழாயில் ஒரு சட்டகம், அதன்மேல் வெள்ளைத் துணி, முதுகில் மாட்டிக்கொள்ளும்படி தேவதைச் சிறகுகள். சுமார் ஏழடி உயரம், விரித்தால் பத்தடி அகலம். மாட்டிக்கொண்ட நண்பர்கள் வாய் திறக்காமல் போய் அந்தக் கூட்டத்தைச் சுற்றி நின்றார்கள். தட்டிகள் மறைந்தன. படம் எடுக்க வந்தவர்களுக்குச் சிறகுகள்தான் கிடைத்தன. தொலைக்காட்சி வழியாக வரும் நஞ்சைப் பற்றிச் சொன்னேனே, அதற்கு மருந்து இங்கே இருக்கிறது. 300 அடிச் சட்டத்தால் கேமராவைத் திருப்ப முடியாது. பிவிசி குழாயால் முடிந்தது.

இதைச் செய்வது எளிது என்று நினைத்துவிடக் கூடாது. பத்தடிச் சிறகு என்றால் பத்துப் பேருக்கு நூறடி மறையவேண்டும். ஆனால் ஒருவர் சிறகின்மேல் இன்னொருவர் சிறகு ஓரடியாவது ஏறி நிற்காவிட்டால் இடையில் சந்து விழும், தட்டி அந்தச் சந்துவழியாகத் தெரியும். ஆகவே 25 அடி இடத்தை மூடக் குறைந்தது மூன்று பேர், நிம்மதியாக மூட நான்கு பேர். காற்று அடித்தால் துணி பாய்மரம்போல உப்பும். சுமக்கிறவர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். அடுத்தது உயரம். தலைக்குமேல் தூக்கிய தட்டி எட்டு, ஒன்பது அடிக்குப் போகும், சிறகு ஏழடிதான். மேல்விளிம்பு தெரிந்ததால்தானே வெஸ்ட்மின்ஸ்டரில் அந்தத் தகப்பன் கண் அங்கே போனது? இதற்கு வழி, மறைப்பை இடம் மாற்றுவது. தட்டி பிடிப்பவர்களை ஒட்டி நின்றால் அகலம் எளிதாக மறையும், உயரம் மறையாது. துக்க வீட்டார் நடக்கும் பாதையை ஒட்டி நின்றால் உயரம் முழுக்க மறையும், ஆனால் ஆள் அதிகம் வேண்டும்.

அந்த இரண்டாவது வழியில் நின்றவர்கள் மோட்டார்சைக்கிள்காரர்கள். 2005இல் கேன்சஸ் மாநிலத்தில் முன்னாள் படைவீரர் அமைப்பைச் சேர்ந்த சிலர், ஃபெல்ப்ஸ் கூட்டத்துக்கு எதிராகப் போய் நிற்கத் தொடங்கினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் பேட்ரியாட் கார்ட் ரைடர்ஸ். நம் ஊரில் நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போ என்பார்கள். இவர்கள் கெட்டதுக்கும் அழைத்தால் மட்டுமே போகிறார்கள். காரணம் இருக்கிறது: குடும்பம் கேட்காமல் இருநூறு வண்டி வந்து நின்றால் அதுவும் இன்னொரு படையெடுப்புதான். முதலில் ஒரு பொறுப்பாளர் குடும்பத்தாரிடமும் சடங்கு நடத்துகிறவரிடமும் பேசி, எங்கே நிற்கலாம் என்று முடிவு செய்வார். குடும்பம் வருவதற்கு வெகு முன்பே பாதையின் இருபுறமும் கொடியோடு வரிசை கட்டுவார்கள். முகம் குடும்பத்தைப் பார்த்திருக்கும், முதுகு தட்டிக்காரர்களைப் பார்த்திருக்கும். பதில் கோஷம் கிடையாது. கூச்சல் காதில் விழும் என்ற நிலை வந்தால் சில இடங்களில் இன்ஜினை முறுக்கி அமுக்கினார்கள். என்னைக் கேட்டால் அது கடைசி ஆயுதமாகத்தான் இருக்கவேண்டும். அந்த உறுமல் அழுகிறவர்கள் காதிலும் விழும் அல்லவா!

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையார், "சனங்களிடம் விட்டால் கலவரம்தான்" என்றார். அவர் கவலை நியாயமானது. 2010 நவம்பரில் ஓக்லஹோமா மாநிலம் மெக்கலெஸ்டரில் அந்தக் கூட்டத்தின் வண்டிச் சக்கரங்களை யாரோ கிழித்தார்கள். நாடே கைதட்டியது. நான் கைதட்ட மாட்டேன். ஏனென்றால் அந்தச் சபையின் பலம் கூச்சலில் இல்லை, வழக்கில் இருக்கிறது. ஃபெல்ப்ஸே வழக்கறிஞராக இருந்தவர், 1979இல் கேன்சஸ் மாநிலம் அவர் உரிமத்தைப் பறித்தது. ஆனால் பிள்ளைகளில் பலர் சட்டம் படித்தவர்கள். உச்ச நீதிமன்றத்தில் வாதாடியதே அவர் மகள்தான். குடிமை உரிமை வழக்குகளில் ஜெயித்தவரின் வக்கீல் செலவைத் தோற்ற அரசே தரவேண்டும் என்ற 1976ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குக் கைகொடுத்தது. அவசரத்தில் தப்பும் தவறுமாக எழுதப்படும் ஒவ்வொரு தடைச் சட்டமும் அவர்களுக்கு வருமான வாய்ப்பு. ஒரு குடிமகன் கைநீட்டினால் அது அவர்கள் தேடிவந்த படம்.

ஆக, அம்மையாரே, கலவரத்துக்கு மாற்று சட்டம் என்றீர்கள். கட்டுப்பாடுள்ள கூட்டம்தான் மாற்று என்கிறேன் நான். 2012 ஜூலையில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் படித்த படை அதிகாரி ஒருவரின் அடக்கத்துக்கு வருவோம் என்று சபை அறிவித்தது. மாணவர்களும் பழைய மாணவர்களும் நூற்றுக்கணக்கில் பல்கலைக்கழகத்தின் மெரூன் நிறச் சட்டையில் வந்து, கைகோத்துத் தேவாலயத்தைச் சுற்றிச் சுவராக நின்றார்கள். இன்னும் சில ஊர்களில் வேறு வழி கண்டார்கள்: அந்தக் கூட்டம் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இவ்வளவு என்று நன்கொடை உறுதி வாங்கி, அவர்கள் யாரை வெறுக்கிறார்களோ அவர்களுக்கு உழைக்கும் அமைப்புகளுக்கே கொடுத்தார்கள். நிற்க நிற்க எதிரிக்குப் பணம் சேரும். டொபீகாவில் சபைக்கு நேர் எதிரே ஒரு வீட்டை விலைக்கு வாங்கி, 2013இல் அதற்குத் தன்பாலீர்ப்பாளர்களின் அடையாளமான வானவில் நிறம் பூசினது பிளாண்டிங் பீஸ் என்ற தொண்டு அமைப்பு. சட்டத்தில் எந்தப் பிரிவின்கீழ் வருகிறது இது?

பிரிட்டன் 2009இல் ஃபெல்ப்ஸுக்குத் தடை விதித்ததே என்று எதிரணி கேட்கலாம். எல்லையில் அந்நியனைத் தடுக்கலாம். சொந்தக் குடிமகனை எந்த எல்லையில் நிறுத்துவது?

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. அந்தச் சபையின் உறுப்பினர் ஒருவரையாவது இந்தச் சட்டங்கள் மனம் மாற்றியதாக எதிரணியில் யாரும் சொல்லவில்லை. ஃபெல்ப்ஸின் பேத்தி மேகன் ஃபெல்ப்ஸ்-ரோப்பர் சின்ன வயதிலிருந்தே தட்டி பிடித்தவர், சபையின் ட்விட்டர் கணக்கை நடத்தியவர். திட்டியவர்கள் ஆயிரம் பேர். ஆனால் டேவிட் அபிட்போல் என்ற யூத வலைப்பதிவர் திட்டுவதோடு நிற்காமல் கேள்வி கேட்டார். தன்பாலீர்ப்பாளர்களுக்கு மரண தண்டனை கேட்டுத் தட்டி பிடிக்கிறீர்களே, "உங்களில் பாவமில்லாதவன் முதலாவது கல்லெறியக்கடவன்" என்று உங்கள் இயேசுதானே சொன்னார் என்றார். மேகனிடம் பதில் இல்லை. அந்த விரிசல் பெரிதாகி, 2012 நவம்பரில் தங்கையோடு சபையைவிட்டு வெளியேறினார். வேலியும் தடையும் அபராதமும் தொட முடியாத இடத்தை ஒரு மனிதரின் பொறுமையான கேள்வி தொட்டது.

300 அடிக்கு அப்பால் நிறுத்தும் வேலையைச் சட்டம் செய்யட்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தலைப்பு கேட்பது தடுத்தது யார் என்று. 1,000 அடிக்கு அப்பால் நின்றும் புண்படுத்த முடிந்தவர்களைத் தடுத்தது கொடி பிடித்த கை, சிறகு சுமந்த தோள், கேள்வி கேட்ட வாய். சனங்களே என்று நடுவர் அவர்கள் தீர்ப்பளிக்க வேண்டுமெனக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.