மேலவைத் தேர்தல் முடிவும் செல்லாத ஓட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

செய்தித்தாளின் உள்பக்கத்தில் எங்காவது ஒரு மூலையில் நாலு வரிச் செய்தி வரும். இன்ன மாநிலத்தில் சட்ட மேலவைத் தேர்தல் நடந்தது, இன்ன கட்சிக்கு இத்தனை இடம். அவ்வளவுதான். நம்மில் பலர் அதைத் தாண்டி விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விடுவோம். தமிழ்நாட்டில் மேலவை போய் ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது, அதனால் அக்கறை இல்லாமல் போனதில் வியப்பில்லை. எனக்கு மட்டும் இந்தத் தேர்தல் முடிவுகள் மேல் வெகுநாளாக ஒரு பைத்தியம். வீட்டில் கேலி செய்வார்கள், பரவாயில்லை. அந்த நாலு வரியில் வராத சங்கதிகளைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. மேலவை என்பது மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டாவது அவை. இன்று ஆறு மாநிலங்களில் அது இருக்கிறது. உத்தரப் பிரதேசம், பீகார், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், இன்னொரு மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சி உறுப்பினர்கள். பன்னிரண்டில் ஒரு பங்கைப் பட்டதாரிகளும், இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். மிச்சம் ஆளுநர் நியமனம். பதவிக்காலம் ஆறு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு பேர் ஓய்வு பெறுவார்கள், அந்த இடங்களுக்குத் தேர்தல் வரும்.

இங்கே ஓட்டுப் போடுகிற விதமே வேறு. பொத்தானை அமுக்கிவிட்டு வருகிற வேலை கிடையாது. சீட்டைக் கையில் கொடுப்பார்கள், கூடவே ஊதா நிற ஸ்கெட்ச் பேனா ஒன்றும் கொடுப்பார்கள். உங்களுக்கு மிகப் பிடித்த வேட்பாளர் பெயருக்கு எதிரே 1 என்று எழுத வேண்டும். அவர் இல்லையென்றால் யார் என்பதற்கு 2. அடுத்து 3. கடைக்குப் பிள்ளையை அனுப்பும்போது சொல்வோமே, கத்தரிக்காய் வாங்கு, இல்லையென்றால் வெண்டைக்காய், அதுவும் இல்லையென்றால் எதுவும் வேண்டாம் வந்துவிடு என்று, அது மாதிரி. 1 கட்டாயம். மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்.

ஒரே ஓர் இடத்துக்கான போட்டியென்றால், செல்லுபடியான ஓட்டில் பாதி, அதற்கு மேல் ஒன்று, இவ்வளவு வாங்கியவர் ஜெயித்தார். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் அது கிடைக்கவில்லையென்றால், கடைசியில் இருப்பவரை நீக்கிவிடுவார்கள். அவருடைய சீட்டுகளைப் பிரித்து, அவற்றில் 2 யாருக்கு என்று பார்த்து அவர் கணக்கில் சேர்ப்பார்கள். பிறகு அடுத்த கடைசி ஆள். இப்படியே மேலே மேலே போகும்.

இந்த 'மேலே மேலே போகும்' என்பது எவ்வளவு பெரிய வேலை என்று சொல்ல எனக்கு மிகப் பிடித்த ஓர் உதாரணம் இருக்கிறது. 2021 மார்ச். தெலங்கானாவில் ஹைதராபாத், ரங்காரெட்டி, மகபூப்நகர் மூன்றும் சேர்ந்த பட்டதாரி தொகுதி. எத்தனை வேட்பாளர்கள் தெரியுமா? 93 பேர். சரியாகத்தான் கேட்டீர்கள், 93. ஓட்டுச்சீட்டு ஏறக்குறைய செய்தித்தாள் அளவுக்கு வந்துவிட்டது. வழக்கமான பெட்டியில் அது போகாது என்று பெரிய பெட்டிகள் செய்தார்கள். வாக்காளர்கள் 5 லட்சத்துக்கும் மேல், ஓட்டுப் போட்டவர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேல். அத்தனையும் தாள். அத்தனையும் விரித்துப் பார்த்து, மடித்து, கட்டுக் கட்ட வேண்டிய தாள்.

மார்ச் 17-ஆம் தேதி சரூர்நகர் உள்விளையாட்டு அரங்கத்தில் எண்ண ஆரம்பித்தார்கள். எடுத்ததும் எண்ணிவிட முடியாது. எல்லாச் சாவடிச் சீட்டுகளையும் கலந்து சிறு கட்டுகளாகக் கட்ட வேண்டும். எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று வெளியே தெரியக் கூடாது இல்லையா, அதற்காக. அதற்கே பொழுது போய்விடும். அப்புறம் முதல் விருப்ப ஓட்டுகள். முன்னால் நின்றவர் தெலங்கானா ராஷ்டிர சமிதியின் எஸ்.வாணி தேவி. முன்னாள் பிரதமர் நரசிம்ம ராவின் மகள். அடுத்து அந்த இடத்தில் ஏற்கெனவே உறுப்பினராக இருந்த பா.ஜ.க.வின் என்.ராமச்சந்தர் ராவ். இருவருமே ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள், ஆனால் ஜெயிக்கத் தேவையான எண்ணிக்கையைத் தொட இருவராலும் முடியவில்லை. மூன்றாவதாகப் பேராசிரியர் நாகேஷ்வர், சுயேச்சை.

சரி, இனி நீக்கல். 93-வது ஆளிலிருந்து. அவர் வாங்கியது சொற்பம், ஆனாலும் அந்தச் சொற்பத்தையும் பிரித்து 2 எங்கே என்று தேட வேண்டும். பிறகு 92. பிறகு 91. ராத்திரி பகல் பார்க்காமல், ஷிஃப்ட் போட்டு ஊழியர்கள் உட்கார்ந்தார்கள். பாவம், அந்த மேசைகளில் இருந்தவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கழுத்து வலிக்கிறது. நான்காம் நாள், மார்ச் 20-ஆம் தேதிதான் வாணி தேவி ஜெயித்தார் என்று முடிவு வந்தது. பக்கத்தில் வாரங்கல், கம்மம், நல்கொண்டா தொகுதியிலும் இதே கதைதான். அங்கே 71 வேட்பாளர்கள்.

நாலு நாள் எண்ணியதைச் சொல்லிவிட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதுதான் என் மனக்குறை. அந்த ஹைதராபாத் தொகுதியில் செல்லாத ஓட்டு எத்தனை? 21 ஆயிரத்துக்கும் மேல். நூற்றுக்கு ஆறு. முதல் விருப்ப எண்ணிக்கையில் முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இருந்த இடைவெளியைவிட இது அதிகம். ஓட்டுப் போட்டவர்கள் யார்? எல்லாரும் பட்டதாரிகள்! பட்டம் வாங்கி மூன்று வருஷமாவது ஆனவர்கள். படித்தவர்கள் யோசித்து ஓட்டுப் போடுவார்கள் என்று சொல்லித்தானே அவர்களுக்குத் தனித் தொகுதி வைத்தது?

என்ன செய்கிறார்கள் தெரியுமா? 1 என்று எழுதுவதற்குப் பதில் டிக் அடிக்கிறார்கள். சிலர் எண்ணால் எழுதாமல் எழுத்தால் எழுதுகிறார்கள். இரண்டு பேருக்கு 1 போடுகிறார்கள். கொடுத்த பேனாவை விட்டுவிட்டுச் சட்டைப் பையில் இருக்கிற பேனாவை எடுக்கிறார்கள். கீழே கையெழுத்துப் போடுகிறவர்களும் உண்டு, விண்ணப்பம் எழுதிய பழக்கம். எல்லாமே செல்லாது. ரோமன் எண்ணில் போடலாம், இந்திய மொழி எண்ணில் போடலாம், அதற்கெல்லாம் அனுமதி உண்டு. டிக்குக்கு மட்டும் கிடையாது.

போகட்டும், ஒரு தடவை பட்டுத் திருந்துவார்கள் என்று நினைத்தால், நாலு வருஷம் கழித்து 2025 மார்ச்சில் கரீம்நகர், மேதக், நிஜாமாபாத், ஆதிலாபாத் பட்டதாரி தொகுதியில் 28 ஆயிரத்துக்கும் மேல் செல்லாத ஓட்டு! அங்கே போட்டவர்களே இரண்டரை லட்சம் சொச்சம்தான். பா.ஜ.க. வேட்பாளர் அஞ்சி ரெட்டி காங்கிரஸ் வேட்பாளரை ஜெயித்த வித்தியாசம் அந்தச் செல்லாத ஓட்டுகளுக்குப் பக்கத்தில்கூட வராது. நான் கட்சி பேசவில்லை. ஒரு தேர்தலின் முடிவை அதில் எண்ணப்படாத சீட்டுகள் மாற்றியிருக்க முடியும் என்றால், அந்த முடிவோடு செல்லாத ஓட்டையும் சேர்த்து அச்சிட வேண்டும். நாலு வரியில் ஐந்தாவது வரியாக. இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்று உங்களிடமும் சொல்லியாயிற்று.

இரண்டாம் விருப்பம் ஆளையே மாற்றிவிடும் என்பதற்கு ஆந்திரத்தைப் பாருங்கள். 2023 மார்ச்சில் மேற்கு ராயலசீமா பட்டதாரி தொகுதி. முதல் விருப்ப ஓட்டில் முன்னால் இருந்தவர் ஆளும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் வேட்பாளர். நீக்கி நீக்கி வந்து முடிவில் ஜெயித்தவர் தெலுங்கு தேசத்தின் ராமகோபால் ரெட்டி. நம் ஊர்ச் சட்டமன்றத் தேர்தல் முறையாக இருந்திருந்தால் முன்னவர் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

அதே மாதம், அதே மாநிலம், எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடுகிற ஏழு இடங்கள். மொத்தம் 175 பேர். ஏழு இடம் என்பதால் இங்கே பாதி ஓட்டு தேவையில்லை, எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேல் போதும், அதாவது ஜெயிக்க 22 ஓட்டு வேண்டும். தெலுங்கு தேசம் 2019-இல் ஜெயித்தது 23 இடம், அதில் நாலு பேர் ஆளும் கட்சிப் பக்கம் போயாயிற்று. மிச்சம் 19. ஆளும் கட்சி ஏழு இடத்துக்கும் ஏழு பேரை நிறுத்தியது. பெட்டியைத் திறந்தால் தெலுங்கு தேசத்தின் பஞ்சுமர்த்தி அனுராதாவுக்கு 23 ஓட்டு! மறுநாள் ஆளும் கட்சி தன் எம்.எல்.ஏ.க்கள் நாலு பேரை இடைநீக்கம் செய்தது. அடுத்த வருஷம் பொதுத்தேர்தலில் அந்த ஆட்சியே போனது. வானிலை அறிக்கை முன்கூட்டியே வந்துவிட்டது என்று நான் சொல்வேன், வேண்டுமானால் நீங்கள் மறுக்கலாம்.

இது ஏன் நடக்கிறது? ரகசிய ஓட்டு. மாநிலங்களவைத் தேர்தலில் 2003-க்குப் பிறகு எம்.எல்.ஏ. தன் சீட்டைக் கட்சி முகவரிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். மேலவைத் தேர்தலில் அப்படி இல்லை. திரைக்குப் பின்னால் போனால் அவரும் பேனாவும்தான். ஆகவே கட்சிக்குள் என்ன புகைகிறது என்பது மேலவை முடிவில்தான் முதலில் தெரியும்.

மகாராஷ்டிரத்தில் தெரிந்தது. 2022 ஜூன் 20. பத்து இடம், பதினோரு வேட்பாளர். ஓட்டுப் போட்டவர்கள் 285 பேர், ஒருவர் ஜெயிக்க 26 வேண்டும். பா.ஜ.க.விடம் இருந்தது 106 பேர். நிறுத்தியது ஐந்து பேரை. ஐந்துக்கு 26 என்றால் 130, நீங்களே கணக்குப் போடுங்கள். ஐந்து பேரும் ஜெயித்தார்கள். ஐந்தாமவர் பிரசாத் லாட். தோற்றவர் காங்கிரஸின் சந்திரகாந்த் ஹண்டோரே. அவரைத்தான் அந்தக் கட்சி தன் முதல் வேட்பாளராக வைத்திருந்தது. (அவர் பிற்பாடு மாநிலங்களவைக்குப் போனார், அது வேறு கதை.) முடிவு வந்த அன்று ராத்திரியே சிவசேனையின் ஏக்நாத் ஷிண்டே தன் கட்சித் தலைமையை எதிர்த்துத் தன் ஆட்களோடு சூரத்துக்குக் கிளம்பிவிட்டார். ஜூன் 29-இல் முதலமைச்சராக இருந்த சிவசேனைத் தலைவர் உத்தவ் தாக்கரே ராஜினாமா. 30-இல் ஷிண்டே முதலமைச்சர். பத்து நாள். இதில் இன்னொரு வேடிக்கை, உத்தவ் தாக்கரே முதலமைச்சராக நீடித்ததே 2020 மே மாதம் போட்டியின்றி மேலவைக்குத் தேர்வானதால்தான்.

2024 ஜூலையில் அங்கே மறுபடி. பதினோரு இடம், பன்னிரண்டு வேட்பாளர், ஜெயிக்க 23. ஆளும் கூட்டணி நிறுத்திய ஒன்பது பேரும் ஜெயித்தார்கள். சரத் பவார் ஆதரித்த ஜெயந்த் பாட்டீல் தோற்றார். காங்கிரஸ் ஓட்டுகள் சில இடம் மாறியிருந்தன. ஒரு வேட்பாளர் கூடுதலாக நிற்கிறார் என்று செய்தி வந்தாலே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். இடத்துக்குச் சமமான வேட்பாளர் என்றால் போட்டியே இல்லை. ஒருவர் கூடினால், யாரோ யாருடைய ஓட்டையோ கண் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். நம் ஊர்க் கதையைக் கடைசிக்கு வைத்தது வம்பாகப் போயிற்று, விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1952-இல் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை இல்லாத சென்னை மாகாணத்தில் ராஜாஜி முதலமைச்சரானது ஆளுநர் மேலவைக்கு நியமித்ததால். 1967-இல் அண்ணா, நாடாளுமன்றத்துக்கு ஜெயித்திருந்தவர், முதலமைச்சரான பிறகு மேலவைக்குத்தான் வந்தார். 1986-இல் நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவை மேலவைக்கு நியமிப்பதில் எழுந்த சர்ச்சை, அதையொட்டி எம்.ஜி.ஆர். அரசின் தீர்மானம், நவம்பர் 1-ஆம் தேதியோடு மேலவை போனது. அப்போது தலைவர் நாற்காலியில் இருந்தவர் ம.பொ.சி. 2010-இல் திரும்பக் கொண்டுவரத் தி.மு.க. அரசு தீர்மானம் போட்டது, 2011-இல் ஆட்சி மாறி அதுவும் நின்றது. வேண்டுமா வேண்டாமா என்று ஐந்து நிமிஷம் வாதாட எண்ணியிருந்தேன், அதற்கு இன்று இடமில்லை.

ஒன்றே ஒன்று. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிற பட்டதாரிகளுக்கு. இந்தத் தொகுதிகளின் வாக்காளர் பட்டியலை ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகத் தயாரிக்கிறார்கள். போன தடவை பெயர் இருந்தது என்று சும்மா இருந்துவிடாதீர்கள், மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். பட்டதாரிகளுக்குப் படிவம் 18, ஆசிரியர்களுக்குப் படிவம் 19. சாவடிக்குப் போனால் அந்த ஊதாப் பேனா, எண் 1. டிக் வேண்டாம்.

வணக்கம்.