மதமா, மனிதரா? வாக்காளர் பார்ப்பது மனிதரைத்தான்: பட்டிமன்றத்தில் நான் பேசியது

நடுவர் அய்யாவுக்கும், இந்த மார்கழிப் பனியிலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார், கைதட்டல் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். “வாடகைக்கு வீடு கேட்டுப் போனா மொத கேள்வியே உங்க பேரு என்னங்கிறதுதான். பேரைக் கேட்டதும், எங்க சொந்தக்காரங்க வர்றாங்க, வீடு காலி இல்லைன்னு கதவைச் சாத்துறாங்க. ஒரு சமையல்கட்டையே நம்பிக் கொடுக்காதவன் கோட்டையைத் தூக்கிக் கொடுப்பானா?” என்றார். அண்ணே, அந்தச் சமையல்கட்டுக்கு நான் வராமல் போகமாட்டேன். அதற்கு முன்னால் ஒரு ஊருக்குப் போய்வந்துவிடுவோம்.

பீகாரில் முசாபர்பூர். லிச்சிப் பழத்துக்குப் பேர்போன ஊர். வருஷம் 1977. நெருக்கடி நிலைக்கு நடுவிலேயே தேர்தல் அறிவித்துவிட்டார்கள். அந்தத் தொகுதியில், இந்திரா காந்தியை எதிர்த்து நின்ற ஜனதா கட்சியின் வேட்பாளர் யார்? ஜார்ஜ் பெர்னாண்டஸ். மங்களூரில் பிறந்த கத்தோலிக்கர். பாதிரியார் ஆவதற்காகப் பெங்களூரில் செமினரியில் சேர்ந்து, பிறகு அதை விட்டு வெளியே வந்தவர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பிறந்த அதே ஜூன் 3 அன்று பிறந்தார் என்று அவருடைய அம்மா வைத்த பெயர் அது. முசாபர்பூரிலோ கிறிஸ்தவர்கள் மிகச் சொற்பம். சொந்தக்காரர் என்று சொல்ல ஆளில்லை, சாதிக்காரர் என்று சொல்லவும் ஆளில்லை. அண்ணன் சொல்கிறாரே, பேரைக் கேட்டதும் கதவைச் சாத்துவார்கள் என்று, அப்படிச் சாத்துவதற்கு இதைவிடத் தோதான பேர் உண்டா?

சரி, வேட்பாளர் எங்கே? ஊருக்கு வரவே இல்லை! வரமுடியாது, டெல்லியில் சிறையில் இருக்கிறார். 1974இல் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவரை, நெருக்கடி நிலையில், அரசுக்கு எதிராக வெடிவைக்கச் சதி செய்தார் என்று போட்ட பரோடா டைனமைட் வழக்கில் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். அவருக்குப் பதிலாக ஒரு புகைப்படம் வந்தது. விலங்கு பூட்டிய கையைத் தூக்கிக் காட்டியபடி நிற்கிறார், கூடவே சங்கிலியும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அந்தப் படம்தான் ஓட்டுக் கேட்டது. அப்போது இளம் வழக்கறிஞராக இருந்த சுஷ்மா சுவராஜ் அங்கே போய், சிறைக் கதவு உடையும், எங்கள் ஜார்ஜ் வெளியே வருவார் என்று இந்தியில் கோஷம் போட, ஊரே சேர்ந்து போட்டது. கவனியுங்கள், ‘எங்கள்’ ஜார்ஜ்! ஒரு நாள்கூட அந்தத் தேர்தலில் தெருவுக்கு வந்து கும்பிடாத மனிதர், எந்த உறவில் ‘எங்கள்’ ஆனார்?

வாக்குச் சாவடிக்குள் ஒரு விவசாயக் கூலிப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். கையில் வாக்குச் சீட்டு. சக்கரத்துக்குள் ஏர் தூக்கிய உழவர் சின்னம். பக்கத்தில் அவள் ஊரில் யாரும் பிள்ளைக்கு வைத்திராத ஒரு பெயர். அந்தப் பெயருக்குரியவர் எந்தக் கோயிலில் கும்பிடுவார், எந்தத் தேவாலயத்தில் மண்டியிடுவார் என்பதா அவள் மனசில் ஓடியிருக்கும்? நமக்காகப் பேசினவரைச் சங்கிலியில் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்பது ஓடியிருக்கும். குத்தினாள் முத்திரையை. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசம்! சிறையில் இருந்தவர் மந்திரியானார்.

எதிரணித் தங்கை அங்கிருந்தே சிரிக்கிறார், “அது அலை சார்” என்கிறார். நல்லது. அலை என்றால் வடியவும் வேண்டுமே? 1980இல் வடிந்தது. இந்திரா காந்தி திரும்பவும் பிரதமரானார், ஜனதாக்காரர்கள் வரிசையாகத் தோற்றார்கள். முசாபர்பூரில் வென்றது யார்? அதே ஜார்ஜ். அப்புறம் 1989, 1991, பிறகு 2004. ஐந்து முறை, ஒரே ஊர்.

அமெரிக்காவில் 1928 அதிபர் தேர்தலில் ஆல் ஸ்மித் தோற்றதற்கு அவர் கத்தோலிக்கர் என்பதும் ஒரு காரணம் என்று தங்கை சொன்னார். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் 32 வருஷம் கழித்து இன்னொரு கத்தோலிக்கர், கென்னடி, புராட்டஸ்டன்ட்கள் நிறைந்த மேற்கு வர்ஜீனியாவுக்குப் போய் நின்றார். போருக்குப் போன விமானத்தில் ஏறும்போது என் அண்ணனிடம் நீ கத்தோலிக்கனா என்று யாரும் கேட்கவில்லையே என்று கேட்டார். அண்ணன் அந்தப் பயணத்திலிருந்து திரும்பவே இல்லை. அந்த மாநிலத்தின் உள்கட்சித் தேர்தலில் கென்னடி ஜெயித்தார், அதே 1960இல் நாட்டையும் ஜெயித்தார். வாக்காளர் மாறினார் அம்மா. மாறுகிற வாக்காளரைப் போய் மதம் என்ற கட்டுத்தறியில் கட்டாதீர்கள். எந்தத் தொகுதியில் எந்த மதத்துக்காரர் எத்தனை பேர் என்று தாளில் கூட்டிக் கழிப்பது கட்சிக்காரர்கள். அவர்கள் போட்ட கணக்கை எடுத்துவந்து வாக்காளர் தலையில் எழுதுகிறீர்கள்.

இப்போது அண்ணனின் சமையல்கட்டுக்கு வருகிறேன்.

அண்ணன் சொன்னது உண்மை. நான் பார்த்திருக்கிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் என்னோடு வேலைபார்த்த நண்பரும் வீடு தேடி அலைந்தோம். ஒரு மாடிப் போர்ஷன், அருமையான காற்று, கைக்கெட்டும் தூரத்தில் வேப்பங்கிளை. வீட்டுக்கார அம்மா சாவியை எடுத்துக்கொண்டே நண்பரிடம் பேர் கேட்டார். நண்பர் முஸ்லிம். சாவி திரும்ப ஆணிக்குப் போய்விட்டது. “தப்பா நினைக்காதீங்க தம்பி, வீட்ல ஒத்துக்கமாட்டாங்க.” வழி நெடுக நண்பர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு எனக்கு மட்டும் கிடைத்தது. நானும் போய்க் குடியேறினேன்.

அந்த ஐப்பசி மழை. ராத்திரி மூன்று மணிக்குப் பாதாளச் சாக்கடை எதிர்த்துக்கொண்டு அந்த அம்மாவின் பூஜையறைக்குள் வருகிறது. குத்துவிளக்கைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் ரெண்டு தெரு நடந்தார், நான் டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். எந்த வீட்டுக் கதவைத் தட்டினார்? கவுன்சிலர் பாய் வீட்டுக் கதவை! “பாய், பாய்” என்று அந்தக் குரல் இப்போதும் எனக்குக் கேட்கிறது. பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாறையோடு வந்தார். மூடியை அவரே நெம்பித் தூக்கினார். உள்ளே சிமெண்டுச் சாக்கு ஒன்று அடைத்துக்கொண்டு கிடந்தது, கையை விட்டு இழுத்துப் போட்டார். விடியும்வரை அங்கேயே நின்றார். அந்த அம்மா தன் எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த தேர்தலில் தெருவில் வீடு வீடாகப் போய், “பாய்க்குப் போடுங்க, கூப்பிட்ட குரலுக்கு வர்ற ஆளு” என்று சொன்னதும் அதே அம்மாதான்.

மாடிப் போர்ஷனுக்கு ஆகாத பெயர் வார்டுக்கு ஆனது எப்படி அண்ணே? வீட்டுக்கு ஆள் தேடும்போது பயத்தோடு தேடுகிறோம், தலைவரைத் தேடும்போது கஷ்டத்தோடு தேடுகிறோம். கழுத்துவரை கஷ்டம் வந்தவன் கைகொடுப்பவரிடம் குலம் கோத்திரம் கேட்பதில்லை.

அதே முசாபர்பூர் 2009இல் ஜார்ஜைத் தோற்கடித்தது. அப்போதும் அதே பேர், அதே மதம். உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. மறதி நோய் வந்து, தன்னைச் சுமந்த ஜனங்களையே மறந்துபோனார் அந்த மனிதர். 2019 ஜனவரி 29 அன்று காலமானார். அவர் ஆசைப்படியே உடலுக்கு எரியூட்டி, சாம்பலை டெல்லியில் கிறிஸ்தவக் கல்லறையில் புதைத்தார்கள். நெருப்பும் அவரை வாங்கிக்கொண்டது, மண்ணும் வாங்கிக்கொண்டது.

மணி அடித்துவிட்டார்கள், இதோ முடிக்கிறேன் அய்யா. நான் அந்த வீட்டைக் காலிசெய்து வந்து வெகுநாள் ஆகிறது. போன ஆடியில் அந்த அம்மாவிடமிருந்து போன். பாய் இறந்துவிட்டார் என்று சொல்லி அழுதார். அழுகை அடங்க நேரமானது. அப்புறம் கேட்டார்: “தம்பி, அன்னைக்கு உங்ககூட ஒருத்தர் வந்தாரே, மாடி இப்போ சும்மாதான் கிடக்கு. அவருக்கு வீடு வேணுமான்னு கேக்குறீங்களா?”

நண்பர் சொந்தமாகவே வீடு கட்டிவிட்டார். ஆனாலும் அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுமுனையில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. “அம்மா நம்பர் குடுடா, நானே பேசுறேன்” என்றார்.

வணக்கம்.