புள்ளிகளால் மறைக்கப்பட்ட வரிகள்: ஒரு பட்டிமன்ற உரை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நவீன ஜப்பானிய இலக்கியத்தை அந்நாட்டு அரசியலிலிருந்து பிரித்துப் படிக்க இயலுமா என்ற வினாவுக்கு ‘இயலும்’ என வாதிட்ட எதிரணித் தலைவர், இரண்டு சான்றுகளை முன்வைத்தார். அரசியலுக்கு முதலிடம் தந்த எழுத்து படைப்பாளியைப் பலிகொண்டது என்று 1946இல் திறனாய்வாளர் ஹிரானோ கென் எழுதியது ஒன்று. 1968இல் நோபல் பரிசு பெற்ற யசுனாரி கவாபட்டா தம் உரையில் ஜென் துறவிகளின் கவிதைகளையும் இயற்கையின் அழகையும் பற்றியே பேசியது மற்றொன்று.

ஹிரானோவை அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். 1933இல் காவலர்களின் சித்திரவதையால் இறந்த இடதுசாரி எழுத்தாளர் கோபயாஷி தகிஜியையும், போர்க்களத்திலிருந்து எழுதிப் புகழ்பெற்ற ஹினோ அஷிஹெய்யையும் ஒரே காலத்தின் இரு முகங்கள் என்றார் ஹிரானோ. இடதுசாரி எழுத்தாளர் நகானோ ஷிகெஹரு அவரைக் கடுமையாகச் சாடினார். கொல்லப்பட்டவரையும் கொண்டாடப்பட்டவரையும் ஒரே தட்டில் நிறுத்துவதை நானும் ஏற்கவில்லை. ஆனால் அரசியலை விலக்கிவிட்டால் அந்த ஒப்பீட்டையும் செய்ய முடியாது, மறுக்கவும் முடியாது. இலக்கியம் அரசியலுக்கு அடிமையாகலாகாது என்பது வேறு. அரசியலை அறியாமலே இலக்கியத்தைப் படிக்கலாம் என்பது வேறு.

1938ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியப் படை கைப்பற்றிய சீன நகரான நான்ஜிங்குக்குச் சென்று திரும்பிய எழுத்தாளர் இஷிகாவா தத்சுசோ, ஜப்பானியப் படைவீரர்களின் கொடுஞ்செயல்களை நாவலாக எழுதினார். ‘சூவோ கோரோன்’ இதழாசிரியர்கள் முன்கூட்டியே பல பகுதிகளை நீக்கி, சொற்கள் இருந்த இடங்களில் வெறும் புள்ளிகளை இட்டு அச்சிட்டார்கள். அப்படியும் அந்த இதழ் தடை செய்யப்பட்டது. இஷிகாவாவுக்கு நான்கு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, பின் நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டில் ஹினோவின் போர்க்குறிப்புகள் இலட்சக்கணக்கில் விற்றன. அந்தப் புள்ளிகளுக்கு எந்த அழகியலைக் கொண்டு எதிரணியினர் பொருள் சொல்வார்கள்?

போர் முடிந்தபின் நிலைமை மாறிவிட்டது என்று கருத வேண்டாம். அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகமும் தணிக்கை செய்தது. தணிக்கை நடந்த தடமே தெரியக்கூடாது என்று புள்ளிகளையும் வெற்றிடங்களையும் அது தடுத்தது. இதை ஆராய்ந்து விரிவாக எழுதிய திறனாய்வாளர் எத்தோ ஜுன் இடதுசாரி அல்லர், பழமைவாதி. அவருடைய முடிவுகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அச்சான பக்கத்தை மட்டும் நம்பிப் படிப்பவர் ஏமாறுவார் என்பதற்கு அவரது ஆய்வே போதும்.

கவாபட்டாவைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. 1971இல் டோக்கியோ ஆளுநர் தேர்தலில் ஆளுங்கட்சி ஆதரித்த வேட்பாளருக்காக வாக்குக் கேட்டவர் அவர். தம் சாட்சி அரசியல் அறியாதவர் என்று எதிரணி எப்படி நம்பியதோ!

இறுதியாக, எழுத்தாளர் கென்சாபுரோ ஓயே. 1960இல் சோஷலிசக் கட்சித் தலைவர் அசனுமா இனெஜிரோவைப் பதினேழு வயது இளைஞன் மேடையிலேயே குத்திக் கொன்றான். அவனை நினைவூட்டும் இளைஞனின் மனத்துக்குள் புகுந்து ஓயே எழுதிய கதையின் இரண்டாம் பகுதி, 1961 பிப்ரவரியில் ஓர் இதழில் வந்தது. வலதுசாரிகள் மிரட்டினார்கள், இதழ் மன்னிப்புக் கேட்டது. ஓயேவின் ஜப்பானிய நூல் தொகுப்பு ஒன்றில் அது இடம்பெற்றது 2018இல்தான். அந்த இடைவெளியில் முதல் பகுதியை மட்டும் படித்த வாசகர்கள், அந்தக் கதையை முழுமையாகப் படித்தவர்கள்தாமா என்பதை எதிரணியினர் தம் மறுப்புரையில் விளக்கட்டும்.