கொடி போர்த்தாத பெட்டிகள்

அனைவருக்கும் வணக்கம். முன் வரிசையில் என்.சி.சி. மாணவிகள் சீருடையோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைப் பார்த்ததும், எழுதிக்கொண்டு வந்த முன்னுரையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1943 ஆகஸ்ட் 23, இரவு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கேம்ப் டேவிஸ் என்ற ராணுவ முகாம். இரண்டு பெண் விமானிகளுக்கு அன்று இரவில் விமானம் ஓட்டும் பயிற்சி. முதலில் போக வேண்டியவர் இன்னும் சாப்பிடவில்லை. அவர் சாப்பிட்டு வரட்டும் என்று மற்றவர் தான் முந்திப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். அவர் பெயர் மேபல் ராலின்சன். வயது 26. மிஷிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் பொது நூலகத்தில் வேலை பார்த்தவர்.

தோழி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விபத்துச் சங்கு ஊதியது. எல்லோரும் ஓடினார்கள். விமானத்தின் முன்பாதி எரிந்துகொண்டிருந்தது. பின் இருக்கையில் இருந்த பயிற்சியாளர் வெளியே வீசப்பட்டு, பலத்த காயங்களோடு பிழைத்துக்கொண்டார். மேபல் உள்ளே இருந்தார். அவர் அலறியது வெளியே நின்றவர்களுக்குக் கேட்டது. தலைக்கு மேலிருந்த மூடி திறக்காததால்தான் அவரால் வெளியே வர முடியவில்லை என்கிறார்கள். அந்தத் தோழி தன் சாப்பாட்டு நேரத்தை ஆயுள் முழுக்க எப்படிச் சுமந்திருப்பார்! பல நாள் இதை நினைத்திருக்கிறேன்.

மேபல் 'வாஸ்ப்' என்ற பெண் விமானிகள் படைப்பிரிவைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஆண் விமானிகள் வெளிநாட்டுப் போர்முனைகளுக்குப் போனதும், உள்நாட்டு வேலைக்கு ஆள் போதவில்லை. தொழிற்சாலையிலிருந்து புது விமானத்தைத் தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பழுது பார்த்த விமானத்தை ஓட்டிச் சோதிக்க வேண்டும். நீளமான துணி இலக்கை வாலில் கட்டி இழுத்துப் பறக்க வேண்டும். அதைக் குறிவைத்துப் பயிற்சி வீரர்கள் கீழேயிருந்து நிஜக் குண்டுகளால் சுடுவார்கள். இதற்கெல்லாம் பெண்கள் வந்தார்கள். 25,000 பேருக்கு மேல் விண்ணப்பித்ததில் பயிற்சியை முடித்தவர்கள் 1,074 பேர். டெக்சாஸில் ஸ்வீட்வாட்டர் என்ற ஊரின் அவெஞ்சர் ஃபீல்டுதான் அவர்களுடைய பயிற்சிக்களம். அங்கே போய்ச் சேரும் செலவு அவரவர் கைக்காசு.

இவர்களில் 38 பேர் செத்துப்போனார்கள். 11 பேர் பயிற்சியில், 27 பேர் பணியில். எதிரியின் குண்டு பட்டு ஒருவர்கூடச் சாகவில்லை.

அந்த நாட்டு அரசின் கணக்கில் இவர்கள் ராணுவத்தினர் கிடையாது, சிவில் ஊழியர்கள். ராணுவ விமானம், ராணுவத் தளம், ராணுவ உத்தரவு எல்லாம் உண்டு. ஆனால் இறந்தால் ராணுவ மரியாதை இல்லை. சவப்பெட்டியை ஊருக்கு அனுப்பும் செலவைக்கூட அரசு ஏற்கவில்லை. கூடத் தங்கியிருந்த பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு அனுப்பினார்கள். பெட்டியின் மேல் தேசியக் கொடி போர்த்தவும் உரிமை இல்லை. போரில் பிள்ளையை இழந்த வீடுகள் ஜன்னலில் தங்க நட்சத்திரம் மாட்டி வைப்பது அந்த நாட்டு வழக்கம். இந்தப் பெற்றோர்களுக்கு அதுவும் கிடையாது. ஆனால் மேபலின் குடும்பம் யாரையும் கேட்கவில்லை. தாங்களே பெட்டிக்குக் கொடி போர்த்தினார்கள்.

"விபத்துதானே, போர்முனையில் சாகவில்லையே" என்று யாராவது கேட்கலாம். சரி, ஆண்கள் பக்கம் பார்ப்போம். அந்தப் போர்க்காலத்தில் அமெரிக்க மண்ணிலேயே, எதிரியின் முகத்தைக்கூடப் பார்க்காமல், விமான விபத்துகளில் இறந்த விமானப்படையினர் ஏறத்தாழ 15,000 பேர். அவர்களுக்குக் கொடியும் மரியாதையும் கிடைத்தன. கிடைக்க வேண்டியதுதான். அதே விமானம், அதே ஓடுபாதை, அதே நெருப்பு. அப்படியானால் விபத்து என்பது காரணமே இல்லை.

அந்த 38 பேரில் ஒருவரான கோர்னீலியா ஃபோர்ட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாஷ்வில் நகரத்துப் பணக்கார வீட்டுப் பெண். பிள்ளைகள் யாரும் விமானம் ஓட்டக்கூடாது என்று அவருடைய அப்பா மகன்களிடம் பைபிள் மேல் சத்தியம் வாங்கினாராம். பெண் பிள்ளையிடம் வாங்க அவருக்குத் தோன்றவே இல்லை! கோர்னீலியா விமானி ஆனார், பயிற்சியாளரும் ஆனார். 1941 டிசம்பர் 7 காலை ஹவாய் தீவுகளின் ஹொனலூலு நகர வானத்தில் ஒரு மாணவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நேர் எதிரே ஒரு ராணுவ விமானம் பாய்ந்து வந்தது. மாணவரின் கையிலிருந்த கட்டுப்பாட்டைப் பறித்து விமானத்தைச் சட்டென்று மேலே ஏற்றினார். கீழே கடந்துபோன விமானத்தின் சிறகில் சிவப்பு வட்டம். அங்கிருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான முத்துத் துறைமுகத்தின் (பேர்ல் ஹார்பர்) மீது ஜப்பானியத் தாக்குதல் தொடங்கியிருந்தது. குண்டுகளுக்கு நடுவே தரையிறங்கித் தப்பித்தார்.

அப்படித் தப்பித்தவர் 1943 மார்ச் 21 அன்று, டெக்சாஸில் மெர்க்கெல் என்ற ஊருக்குப் பக்கத்தில் இறந்தார். போர்முனை கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. பயிற்சி விமானங்களை வரிசையாகக் கொண்டுபோகும்போது, கூட வந்த விமானத்தின் சக்கரம் இவருடைய சிறகில் மோதியது. வயது 24. அவருடைய கல்லறைக் கல்லில் 'நாட்டுக்கான சேவையில் கொல்லப்பட்டவர்' என்ற பொருளில் பொறித்திருக்கிறார்கள். அரசு தராத சொல்லைக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

ஹேசல் யிங் லீயின் கதையில் அநியாயம் இரண்டு மடங்கு. போர்ட்லாந்தில் பிறந்த சீன வம்சாவளிப் பெண். 1944 நவம்பரில் ஒரு கிங்கோப்ரா போர் விமானத்தை மொன்டானா மாநிலத்தின் கிரேட் ஃபால்ஸ் வரை கொண்டுவந்தார். இறங்கும்போது அவருக்கு மேலே இன்னொரு விமானமும் அதே ஓடுபாதைக்கு வந்துகொண்டிருந்தது. அதன் ரேடியோ வேலை செய்யவில்லை. விமானத் தளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து மேலே ஏறச் சொன்னார்கள். சொல்லைக் கேட்டவர் ஹேசல். ஏறி, மேலிருந்த விமானத்திலேயே மோதினார். தீக்காயங்களோடு இரண்டு நாள் இருந்து 25ஆம் தேதி இறந்தார். அவருக்கு வயது 32. மூன்றே நாளில் இன்னொரு தந்தி: ராணுவத்தில் இருந்த தம்பி விக்டர் பிரான்சில் இறந்துவிட்டார். இருவரையும் புதைக்கக் குடும்பம் தேர்ந்தெடுத்த இடத்தை, அது வெள்ளையர் பகுதி என்று சொல்லி இடுகாட்டு நிர்வாகம் மறுத்தது. குடும்பம் விடாமல் போராடி அதே இடத்தை வாங்கியது.

அப்புறம் என்ன நடந்தது? அந்தப் பெண்களை ராணுவத்தில் சேர்க்கும் மசோதா 1944 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் தோற்றது. டிசம்பரில் படையையே கலைத்தார்கள். வீட்டுக்குப் போகும் செலவும் அவரவர் கைக்காசு. 1970களில் விமானப்படை, முதன்முறையாகப் பெண்கள் ராணுவ விமானம் ஓட்டப்போகிறார்கள் என்று அறிவித்தபோதுதான் இந்தப் பெண்கள் கொதித்தெழுந்தார்கள். முதன்முறையாகவா? அப்படியானால் அந்த 38 பேர் யார்? 1977இல் சட்டம் வந்தது. முன்னாள் படைவீரர்கள் என்ற தகுதி கிடைத்தது. மேபலின் மரணத்துக்குப் பிறகு 34 வருடம். 2010இல் நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம். அதற்கும் பிறகு, 2015இல், எலைன் ஹார்மன் என்ற வாஸ்ப் விமானியின் சாம்பலை, படைவீரர்களை அடக்கம் செய்யும் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் வைக்கக் குடும்பம் கேட்டபோது ராணுவம் மறுத்தது. மறுபடியும் ஒரு சட்டம் போட்டு, 2016இல்தான் வைக்க முடிந்தது.

ஒருவரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. கெர்ட்ரூட் டாம்ப்கின்ஸ். கல்யாணமாகி ஒரு மாதம்தான். 1944 அக்டோபர் 26 அன்று, இப்போது லாஸ் ஏஞ்சலிஸின் பெரிய விமான நிலையம் இருக்கும் இடத்திலிருந்து ஒரு மஸ்டாங் போர் விமானத்தில் தனியாகக் கிளம்பினார். போய்ச் சேரவில்லை. காகிதப் பதிவில் நேர்ந்த குழப்பத்தால், அவர் காணாமல் போனதே சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. பக்கத்துக் கடலில் விழுந்திருப்பார் என்று எண்ணினார்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் முக்குளிப்பவர்கள் சான்டா மோனிகா விரிகுடாவுக்குள் இறங்கித் தேடினார்கள். விமானத்தின் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. 38 பேரில் ஊர் திரும்பாதவர் அவர் ஒருவர்தான்.