சி கிரேடு வாங்கிய கட்டுரை அமெரிக்க அரசியலமைப்பைத் திருத்தியது எப்படி?

ஒரு கல்லூரி மாணவர், வயது 19. வகுப்புக்காக ஒரு கட்டுரை எழுதுகிறார். ஆசிரியர் அதற்கு 'சி' போட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். பத்தே வருஷத்தில், அந்தக் கட்டுரையில் அவர் எழுதிய விஷயம் அமெரிக்க அரசியலமைப்பின் 27-ஆவது திருத்தமாக ஏறி உட்கார்ந்துவிட்டது. இதில் ஒரு துளி கற்பனைகூட இல்லை. முழுக் கதையையும் சொல்கிறேன், கடைசி வரை பாருங்கள்.

வணக்கம் நண்பர்களே. "யாருக்கு ஓட்டுப் போட்டாலும் ஒன்றும் மாறப்போவதில்லை" என்று அலுத்துக்கொள்பவர்கள் அமெரிக்காவில் இப்போது ஏராளம். வாஷிங்டனில் இருக்கும் அரசு சரியானதைச் செய்யும் என்று 1964-இல் அங்கே 77 சதவீதம் பேர் நம்பினார்கள். 2023-இல் பியூ ஆய்வு மையம் அதே கேள்வியைக் கேட்டபோது வந்த எண் 16.

[திரையில்: 1964 - 77%. 2023 - 16%.]

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2013 நவம்பரில் கேலப் நடத்திய கருத்துக்கணிப்பில், காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒழுங்காக வேலை செய்கிறது என்று சொன்னவர்கள் வெறும் 9 சதவீதம். சரி, அடுத்த வருஷம் தேர்தல் வந்ததே, எல்லோரையும் தூக்கி எறிந்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் மறுபடி போட்டியிட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஜெயித்தார்கள்! அந்தத் தேர்தலில் ஓட்டுரிமை உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வாக்களித்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் பிறகு அவ்வளவு குறைவான வாக்குப்பதிவு அதுதான். வெறுப்பு இருக்கிறது, ஆனால் அது ஓட்டாக மாறவில்லை. ஒரு கட்சிக்கே சாதகமாக வெட்டப்பட்ட தொகுதிகள், பதவியில் இருப்பவரை நோக்கி ஓடும் தேர்தல் பணம் என்று காரணங்கள் பல.

அதனால்தான் நிறையப் பேர் தேர்தலைத் தாண்டி அரசியலமைப்பைப் பார்க்கிறார்கள். ஆளை மாற்றிப் பிரயோஜனம் இல்லை, அதிகாரத்துக்கே வேலி போடு என்கிறார்கள். எத்தனை தடவை ஒருவர் எம்.பி. ஆகலாம் என்பதற்கு வரம்பு வேண்டும், வரவுக்கு மேல் செலவு செய்யக் கூடாது, மத்திய அரசின் கை மாநிலங்களுக்குள் நீளக் கூடாது. இந்த மூன்றும்தான் முக்கியமான கோரிக்கைகள்.

அரசியலமைப்பைத் திருத்துவது எப்படி? சுருக்கமாகச் சொல்கிறேன். காங்கிரஸின் இரண்டு அவைகளிலும், அதாவது பிரதிநிதிகள் சபையிலும் மேலவையான செனட்டிலும், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அப்புறம் 50 மாநிலங்களில் 38 ஒப்புதல் தர வேண்டும். இதுவரை காங்கிரஸில் கொண்டுவரப்பட்ட திருத்த யோசனைகள் 11,000-க்கும் மேல். கரை சேர்ந்தவை 27. நம் இந்திய அரசியலமைப்பு 1950-லிருந்து நூறு தடவைக்கு மேல் திருத்தப்பட்டிருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் அங்கே அது எவ்வளவு கடினம் என்று புரியும்.

இப்போது அந்த மாணவரிடம் வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பெயர் கிரெகரி வாட்சன். 1982, டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம், டெக்சாஸ் பல்கலைக்கழகம். பெண்களுக்குச் சம உரிமை தரும் திருத்தத்தைப் பற்றி எழுதலாம் என்று பொது நூலகத்தில் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அங்கே வேறொன்று கண்ணில் படுகிறது. 1789-இல், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜேம்ஸ் மேடிசன் முன்மொழிந்து, காங்கிரஸ் நிறைவேற்றி, மாநிலங்களுக்கு அனுப்பிய திருத்தங்கள் மொத்தம் 12. அதில் பத்து 1791-இல் ஒப்புதல் பெற்று 'உரிமைகள் சாசனம்' ஆகிவிட்டன. இரண்டு நின்றுபோயின.

நின்றுபோனதில் ஒன்று சம்பளம் பற்றியது. காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றிச் சட்டம் போடலாம், ஆனால் இடையில் பிரதிநிதிகள் சபைக்கு ஒரு தேர்தல் நடந்து முடியும் வரை அது அமலுக்கு வரக் கூடாது. அவ்வளவுதான். உனக்கு நீயே சம்பளம் கூட்டிக்கொள்கிறாயா, முதலில் மக்களிடம் போய் ஓட்டுக் கேட்டுவிட்டு வா என்கிறது. ஒரே வாக்கியத்தில் எவ்வளவு நியாயம் பாருங்கள்!

வாட்சனைப் பிடித்து இழுத்த விஷயம், அந்தத் திருத்தத்தில் கெடு எதுவும் எழுதப்படவில்லை என்பது. இன்ன வருஷத்துக்குள் ஒப்புதல் பெற வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அப்படியானால் 193 வருஷம் கழித்தும் அது உயிரோடுதான் இருக்கிறது, இன்னும் நிறைவேற்றலாம் என்று கட்டுரையில் வாதாடினார். அதற்குத்தான் 'சி'. மேல்முறையீடு செய்தார். மறுபடியும் 'சி'.

நானாக இருந்தால் கோபத்தில் கட்டுரையை மேஜைக்குள் போட்டுப் பூட்டியிருப்பேன். அவர் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார். ஒப்புதல் தராத மாநிலங்களின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் கடிதம் கடிதமாக அனுப்பினார். பெரும்பாலானவர்கள் பதிலே போடவில்லை. மெய்ன் மாநிலத்தின் செனட்டர் வில்லியம் கோஹன் மட்டும் அந்தக் கடிதத்தைத் தன் மாநிலத்துக்குத் தள்ளிவிட்டார். 1983-இல் மெய்ன் ஒப்புதல் கொடுத்தது. அடுத்த வருஷம் கொலராடோ. அப்புறம் வரிசையாக விழ ஆரம்பித்தன. இதற்காக வாட்சன் செலவழித்தது சுமார் 6,000 டாலர், அதுவும் சொந்தப் பணம்.

அவருக்கு முன்பும் இரண்டு மாநிலங்கள் இதே திருத்தத்தைக் கோபத்தில் கையில் எடுத்திருந்தன. 1873-இல் காங்கிரஸ் தன் சம்பளத்தை 5,000 டாலரிலிருந்து 7,500 ஆக்கியது. கூட்டியதோடு விடவில்லை, முடிந்துபோன இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து முன்தேதியிட்டு வாங்கிக்கொண்டது! பத்திரிகைகள் அதைச் 'சம்பளக் கொள்ளை' என்று கிழித்தன. ஒஹையோ சட்டமன்றம் என்ன செய்தது தெரியுமா? தூசி படிந்து கிடந்த அந்தப் பழைய திருத்தத்தைத் தேடி எடுத்து ஒப்புதல் கொடுத்தது. காங்கிரஸ் பின்வாங்கி, அடுத்த வருஷமே உயர்வை ரத்து செய்தது. அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் சத்தமே இல்லை. 1978-இல் இன்னொரு சம்பள உயர்வைக் கண்டித்து வயோமிங் ஒப்புதல் கொடுத்தது.

வாட்சனுக்குக் காலமும் கைகொடுத்தது. 1989-இல் காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளம் 89,500 டாலரிலிருந்து 1,35,000 ஆக, அதாவது ஒரே அடியாக 51 சதவீதம் ஏறவிருந்தது. வானொலித் தொகுப்பாளர்கள் நேயர்களைத் தூண்டிவிட்டார்கள். மக்கள் காங்கிரஸுக்குத் தேநீர்ப் பைகளைத் தபாலில் அனுப்பினார்கள்! 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய போராட்டத்தை நினைவுபடுத்தத்தான் அது. அந்த உயர்வு தோற்றது. அப்புறம் 1992-இல் இன்னொரு குண்டு. பிரதிநிதிகள் சபைக்குள்ளேயே உறுப்பினர்களுக்கென்று ஒரு வங்கி இருந்தது. கணக்கில் பணம் இல்லாமலேயே நூற்றுக்கணக்கான உறுப்பினர்கள் காசோலை எழுதி வந்தார்கள், அபராதம்கூட இல்லை என்று வெளியே வந்தது. சாதாரண ஆள் காசோலை திரும்பி வந்தால் வங்கி சும்மா விடுமா? ஜனங்கள் கொதித்துப் போனார்கள்.

1992 மே 7. மிச்சிகன் ஒப்புதல் கொடுத்தது. அன்றைய கணக்குப்படி 38-ஆவது மாநிலம். 1789-இல் அனுப்பியது, 202 வருஷம் கழித்துச் சட்டமானது! கென்டக்கி 1792-லேயே ஒப்புதல் கொடுத்திருந்ததும், அதை எல்லோரும் மறந்துபோயிருந்ததும் அப்புறம்தான் தெரிய வந்தது.

இவ்வளவு பழைய திருத்தம் செல்லுமா என்று காங்கிரஸ் தலைவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் தலைவர் டான் வில்சன் யாருக்காகவும் காத்திருக்காமல் மே 18-ஆம் தேதி கையெழுத்துப் போட்டார். இரண்டு நாள் கழித்துக் காங்கிரஸும் ஏற்றுக்கொண்டது. பிரதிநிதிகள் சபையில் 414-க்கு 3, செனட்டில் 99-க்கு 0. தேர்தல் வருஷம் அது, எதிர்த்து ஓட்டுப் போட யாருக்குத் தைரியம் வரும்? அந்தக் கட்டுரைக்கான மதிப்பெண்ணையும் 2017-இல் பல்கலைக்கழகம் 'ஏ' என்று மாற்றிக்கொடுத்தது.

இதுவரை பார்த்தவர்கள் ஒரு லைக் போட்டுவிடுங்கள். இனி வருவதுதான் நெஞ்சை உறுத்தும் பகுதி.

இந்தத் திருத்தம் எதைத்தான் தடுத்தது? விலைவாசிக்கு ஏற்பத் தானாகவே ஏறும் சம்பளப்படி இதில் அடங்காது என்று 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்த உறுப்பினரின் நாற்காலியையும் இது அசைக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு சுலபமாக வழிவிட்டார்கள் என்பது என் எண்ணம். நாற்காலியில் கைவைக்கும் திருத்தங்களின் கதி என்ன ஆனது என்று பாருங்கள்.

1990-இல் கொலராடோவில் ஆரம்பித்து, 23 மாநிலங்கள் தங்கள் காங்கிரஸ் உறுப்பினர்களுக்குப் பதவிக்கால வரம்பு விதித்தன. 1995-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அத்தனையையும் அடித்துவிட்டது. வேண்டுமானால் அரசியலமைப்பைத் திருத்திக்கொள்ளுங்கள் என்றது. அதே வருஷம் பிரதிநிதிகள் சபையில் திருத்தம் வந்தது. ஆதரவு 227, எதிர்ப்பு 204. தேவைப்பட்டதோ சுமார் 290. வரவு செலவுச் சமநிலைத் திருத்தம் பிரதிநிதிகள் சபையில் 300 ஓட்டு வாங்கி ஜெயித்தது. செனட்டில் ஒரே ஒரு ஓட்டு குறைந்து செத்தது. பூனைக்கு மணி கட்டுவது யார் என்று கேட்போமே, இங்கே பூனையே தனக்கு மணி கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறது சட்டம்.

ஒரு நபரின் கதையையும் சொல்ல வேண்டும். டாம் ஃபோலி, பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர், 30 வருஷ எம்.பி. தன் சொந்த மாநிலமான வாஷிங்டன் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த பதவிக்கால வரம்பை எதிர்த்து வழக்குப் போட்டார். 1994 தேர்தலில் மக்கள் அவரையே தோற்கடித்தார்கள். சபாநாயகர் ஒருவர் தன் தொகுதியில் தோற்றது 1862-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அவரை ஜெயித்த ஜார்ஜ் நெதர்கட், மூன்றே தடவைதான் இருப்பேன், ஆறு வருஷத்தில் கிளம்பிவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தார். 2000-இல் நான்காவது தடவையும் நின்றார், ஜெயித்தார்! வாக்காளர் மனம் வெறுத்துப்போவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

காங்கிரஸின் ஒப்புதல் இல்லாமலே திருத்தம் கொண்டுவர இன்னொரு கதவு அரசியலமைப்பிலேயே இருக்கிறது, ஐந்தாம் பிரிவில். 34 மாநிலங்கள் கேட்டால் காங்கிரஸ் ஒரு மாநாட்டைக் கூட்டியே ஆக வேண்டும். இதுவரை ஒரு தடவைகூடக் கூட்டப்படவில்லை. 2013-இல் தொடங்கிய 'மாநிலங்களின் மாநாடு' இயக்கம் 2022-க்குள் 19 மாநிலங்களின் தீர்மானத்தைச் சேர்த்துவிட்டது. எதிர்ப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது. இடதுசாரிப் பக்கம் காமன் காஸ் அமைப்பு, தீவிர வலதுசாரிப் பக்கம் ஜான் பிர்ச் சொசைட்டி. இரண்டுக்கும் ஒரே பயம்தான். மாநாடு கூடிவிட்டால் எல்லை மீறி எல்லாவற்றையும் மாற்ற ஆரம்பித்துவிடுமோ என்ற பயம்.

அந்தப் பயத்தை நான் ஒதுக்க மாட்டேன், ஆனால் மாநாடு எதை எழுதினாலும் 38 மாநிலங்கள் ஒப்புதல் தந்தால்தான் செல்லும். அதைவிடப் பெரிய பூட்டு எது? பதவிக்கால வரம்பு ஒன்றுக்காக மட்டும் மாநாடு கூட்டினால் நான் ஆதரிப்பேன். 2023-இல் பியூ கேட்டபோது 87 சதவீத அமெரிக்கர்கள் வரம்பு வேண்டும் என்றார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் இப்படி ஒத்துப்போகும் விஷயம் அந்த நாட்டில் அபூர்வம். ஆனால் ஆறு வருஷம் என்பது ரொம்பக் குறைவு. மிச்சிகன் தன் சட்டமன்றக் கீழவைக்கு ஆறு வருஷ வரம்பு வைத்துப் பார்த்தது. உறுப்பினர் வேலை கற்றுக்கொள்வதற்குள் காலம் முடிந்துவிடுகிறது, அரசு நடப்பது முழுக்க, நிறுவனங்களுக்காக ஆதரவு திரட்டும் அரசியல் தரகர்களுக்குத்தான் தெரிகிறது என்ற புகார் கிளம்பியது. 2022-இல் மக்களே வாக்களித்து, இரண்டு அவைகளிலும் சேர்த்து மொத்தம் 12 வருஷம் என்று மாற்றிக்கொண்டார்கள். கலிஃபோர்னியா 2012-லேயே இதைச் செய்தது. எனக்கும் 12 வருஷம்தான் சரியாகப் படுகிறது.

வாட்சன் தன் கடிதங்களில் குறிவைத்தது பெரும்பாலும் மாநிலச் சட்டமன்றங்களை. அந்தத் தேர்தல்களைத்தான் அலுத்துப்போன வாக்காளர்கள் கண்டுகொள்வதே இல்லை. பல தொகுதிகளில் ஒரே வேட்பாளர்தான் நிற்கிறார். திருத்தத்துக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் ஓட்டு உள்ள உங்கள் உறவினர்கள் யாராவது இருந்தால் இந்த வீடியோவை அனுப்பி, உங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் பெயர் தெரியுமா என்று கேளுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கமெண்டில் எழுதுங்கள், அடுத்த வீடியோவில் படிக்கிறேன்.