பேய்ப் படத்தில் மனநல வார்டு: பயமுறுத்த வேண்டியது யார்?

சரி, அடுத்த கேள்வி. ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "அமானுஷ்ய த்ரில்லர் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதிக் கதை மனநல வார்டில் நடக்கிறது. அங்கே இருக்கும் நோயாளிகளைப் பார்த்தாலே பயம் வருகிற மாதிரி எப்படி எழுதுவது, எப்படிப் படமாக்குவது?"

கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பயமுறுத்துவது பேயின் வேலை. நோயாளி பயப்படுகிறவர், அதுவும் தான் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தே பயப்படுகிறவர். த்ரில்லருக்கு இதைவிட நல்ல ஆள் எங்கே கிடைப்பார்? அவரையே பேயாக்கிவிட்டால் அந்த வசதி போய்விடும்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். என் முதல் குறும்படத்தில் ஆறு துணை நடிகர்களை வராந்தாவில் நிறுத்தி, "பைத்தியம் மாதிரி ஏதாவது பண்ணுங்கள்" என்று சொல்லிவிட்டேன். ஒருவர் தலையைச் சொறிந்தார், ஒருவர் சுவரில் முட்டிக்கொண்டார், மற்றவர்கள் சம்பந்தமே இல்லாமல் சிரித்தார்கள். எடிட்டிங்கில் உட்கார்ந்து பார்த்தால், ஆறு பேரும் ஒரே ஆள். இப்போதெல்லாம் ஆளுக்கு ஒரு வேலை கொடுத்துவிடுகிறேன். ஒருவர் யாருக்கோ கடிதம் எழுதுகிறார், ஒருவர் சீட்டுக்கட்டை அடுக்குகிறார், ஒருவர் போனுக்காகக் காத்திருக்கிறார். அவ்வளவுதான்.

அப்புறம், கதாபாத்திரத்துக்கு என்ன நோய் என்பது உங்களுக்கும் நடிகருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வசனத்தில் சொல்ல வேண்டும் என்பதில்லை. நிறைய ஸ்கிரிப்டில் ஸ்கிசோஃபிரினியா (மனச்சிதைவு நோய்) என்று எழுதிவிட்டு, ஒரே ஆள் இரண்டு ஆளாக மாறுவதைக் காட்டுகிறார்கள். ஆள் மாறுவது வேறு, ஸ்கிசோஃபிரினியா வேறு. 1908இல் ஆய்கன் பிளாய்லர் என்ற சுவிஸ் மனநல மருத்துவர் அந்தப் பெயரை வைத்தபோது 'பிளவுபட்ட மனம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களை எடுத்துக்கொண்டார். குழப்பம் அந்தப் பெயரிலிருந்தே வருகிறது. அந்த நோயில் உருவங்கள் தெரிவதைவிடக் குரல்கள் கேட்பதுதான் அதிகம்.

அந்தக் குரல் குகைக்குள்ளிருந்து எதிரொலியோடு வர வேண்டியதில்லை. பக்கத்து அறையில் யாரோ பேசுகிற மாதிரி சாதாரணமாக வரலாம். சிலருக்கு அது வர்ணனை போலவே கேட்கும்: "இதோ எழுந்திருக்கிறான். டம்ளரை எடுக்கிறான். குடிக்கமாட்டான் பார்." இதை அப்படியே எடுத்துப் பாருங்கள். டம்ளர் மேல் குளோசப், நடிகரின் கை பாதியில் நிற்கிறது, குரல் இரண்டு நொடி அமைதியாகிறது. எந்த மேக்கப்பும் தேவையில்லை.

உடல்மொழிக்கு வருவோம். சில மனநல மருந்துகளின் பக்கவிளைவாக அகதீசியா என்று ஒன்று வரும். உட்கார முடியாது, நிற்கவும் முடியாது, கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருப்பார்கள். கை நடுக்கம் வரலாம், முகத்தில் அசைவு குறையலாம். நாம் 'பைத்தியக்கார நடை' என்று நினைத்துக்கொண்டிருப்பது பல நேரம் மாத்திரையால் வருவதாக இருக்கலாம். நடிகருக்கு இதைச் சொல்லிவிட்டால் கண்ணை உருட்டமாட்டார்.

ஷாக் ட்ரீட்மென்ட் காட்சி வைக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு நிமிடம். 1938இல் ரோமில் செர்லெட்டி, பினி என்ற இரண்டு மருத்துவர்கள் முதன்முதலில் செய்தபோது மயக்க மருந்து கிடையாது, உடம்பு தூக்கிப்போட்டது உண்மை. கதை இன்று நடக்கிறது என்றால் மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்வார்கள், உடம்பு பெரிதாக அசையாது. சிகிச்சைக்குத் தேவையான வலிப்பு வந்ததா என்று பார்க்க, தசையைத் தளர்த்தும் மருந்து இறங்காதபடி ஒரு கணுக்காலில் பட்டை கட்டி இறுக்குவதுண்டு. ஆள் முழுக்க அசையாமல் கிடக்க, அந்தப் பாதம் மட்டும் துடிக்கும். நீங்களே சொல்லுங்கள், அலறலைவிட இது பயங்கரமாக இல்லையா?

வார்டின் ஒழுங்கிலும் உங்களுக்குக் கதை இருக்கிறது. ஆபத்தில் இருக்கும் நோயாளியைப் பல மருத்துவமனைகளில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக் குறித்துவைப்பார்கள். நர்ஸ் கதவுக் கண்ணாடியில் எட்டிப்பார்க்கிறார், ஆள் தூங்குகிறார், டிக். அடுத்த முறை, தூங்குகிறார், டிக். மூன்றாவது முறையும் தூங்குகிறார், ஆனால் கட்டில் வேறு சுவரோரமாக மாறியிருக்கிறது. மினுக்கும் டியூப்லைட்டைக் கழற்றிவிடுங்கள், அது போதும் போதும் என்று ஆகிவிட்டது.

கேமராவை நோயாளியின் கண் மட்டத்தில் வையுங்கள். அவர் ஃபிரேமுக்குள் வரும்போதெல்லாம் கேமராவைச் சாய்த்தால், பேய் வருவதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள் என்று அர்த்தம். சாய்த்தே ஆக வேண்டும் என்றால், பேய் வருகிற ஷாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலிக்கு ஒரு விதியை ஸ்கிரிப்டிலேயே எழுதிவையுங்கள்: நோயின் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வரும், பேயின் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வரும். படம் முழுக்க அதை மீறாதீர்கள். நோயாளிக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரியும். டாக்டருக்குத் தெரியாது. "இது என் குரல் இல்லை டாக்டர், என் குரல் இடது பக்கம்தான் வரும்" என்று அவர் சொல்கிற இடம்தான் உங்கள் இடைவேளை.

ஸ்கிரிப்டை முடிக்கிறதுக்கு முன்னால் ஒரு மனநல மருத்துவரிடம் கொடுங்கள். முடிந்தால் குரல் கேட்கும் அனுபவம் உள்ள ஒருவரிடமும் கொடுங்கள். என் இரண்டாவது ஸ்கிரிப்டை அப்படி ஒருவர் படித்துவிட்டு ஒரே ஒரு வசனத்தை அடித்தார். டாக்டரிடம் நோயாளி "என்னைக் காப்பாற்றுங்கள்" என்று கத்துகிற வசனம். "நான் கத்தமாட்டேன், கத்தினால் ஊசி போடுவார்கள் என்று எனக்குத் தெரியுமே" என்றார். அந்தக் காட்சியை முழுக்கக் கிசுகிசுப்பாக மாற்றினோம்.

சரி, அடுத்தது லைட்டிங் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்.